ஏலத்துக்கு முன் அளந்துவிடுங்கள்: கோவைப் பழைய பஞ்சாலைகளின் பொறுப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கோவையில் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கிய காலம் நீராவியின் காலம். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் எழுந்த ஆலைகள் மின் மோட்டாரை நம்பிக் கட்டப்பட்டவை. ஆகவே நீராவிக்கென்றே கட்டிய கட்டடங்கள் இங்கு மிகக் குறைவு. அவற்றில் எஞ்சியிருப்பதை ஏலம் விட்டு இடிக்குமுன் முறையாக அளந்து பதிவு செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

நீராவி இன்ஜின் எப்போதோ போயிருக்கலாம்; சுவரைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க முடியும். இன்ஜின் மேடையின் போல்ட் துளைகள் அதன் நீள அகலத்தைச் சொல்லும். பக்கத்தில் ஒடுக்கமாக, கூரைவரை உயர்ந்த அறை இருந்தால் இன்ஜினின் பெரிய சுழல் சக்கரமான ஃபிளைவீலிலிருந்து மாடிதோறும் விசையைக் கடத்திய கயிறு ஏறிய வழி அதுதான். தூண்களில், எந்திரங்களுக்கு விசையைப் பகிர்ந்த நீண்ட சுழல்தண்டான லைன் ஷாஃப்டைத் தாங்கிய பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். இன்ஜினுக்கு அருகே ஷாஃப்ட் தடிமனாக இருக்கும்; தள்ளிப்போகப் போகச் சுமை குறைவதால் மெலியும். பேரிங் துளைகளின் விட்டத்தை வரிசையாகக் குறித்தாலே விசை எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பிரிவு எவ்வளவு இழுத்தது என்று தெரிந்துவிடும். பழைய இரும்புக்காரர் முதலில் கழற்றுவது இந்த பிராக்கெட்டுகளைத்தான். அதற்குப்பின் சுவரில் மிஞ்சுவது வெறும் ஓட்டைகள்.

இன்ஜினுக்கு நீராவி தந்த கொதிகலன் லங்காஷயர் பாய்லராயின் இன்னும் கவனம் தேவை. ஏறத்தாழ 30 அடி நீளம், 8 அடி விட்டம். நெருப்பின் புகை இரு குழாய்கள் வழியே பின்னால் போய், அடியில் முன்னே திரும்பி, இரு பக்கமும் பிரிந்து, மறுபடி பின்னால் ஓடிச் சிமினியை அடையும். குழாய்களுக்கு வெளியே உள்ள அந்தப் பாதை முழுவதும் செங்கல் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. பாய்லரை இழுக்கக் கட்டுமானத்தை உடைத்தால் எல்லாம் போயிற்று.

சிமினிக்கு இரண்டு கேடுகள். ஒன்று, இடுக்கில் வேர்விடும் அரசங்கன்று; மேலே வெட்டினால் போதாது, வேரையும் அழிக்க வேண்டும். மற்றொன்று, சுண்ணாம்புக் காரைமேல் பூசும் சிமெண்ட். ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலின் முகம் உதிரும். சுண்ணாம்பையே பூசச் சொல்லுங்கள்.

ஏல ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: அளவுப் படமும் ஒளிப்படமும் ஒப்படைக்கப்படும்வரை இன்ஜின் அறையிலும் பாய்லர் அறையிலும் எதையும் கழற்றக் கூடாது.

இப்படிக்கு,
ஆலைப் பொறியாளர்களும் கட்டட வல்லுநர்களும்