மாதத் தாளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் கல்லூரியின் ஆசிரியர்கள், அலுவலகத்தார், கெஸ்ட் லெக்சரர்கள், ஓய்வு பெற்ற பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இடமாற்றப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. மாதக் கடைசியில் வேறு மாவட்டத்துக் கல்லூரிக்குப் போகிறேன். தமிழ்த் துறையிலிருந்து மாதாமாதம் நாம் கொண்டுவந்த செய்தித் தாளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் கிளம்ப மனம் வரவில்லை. பெயர் போட்டு எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள், விட்டுப்போனவர் மனம் வருந்தும். அதனால் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று நமக்குள் தெரியும்.

வெளியூர் நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிக் கிடக்கும் சித்தூர் வட்டத்தில் நிறைய வீடுகளில் பேச்சு தமிழ்தான். ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த இந்த வட்டம், 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது அதோடு வந்தது. பொள்ளாச்சி பக்கத்தில், திருவனந்தபுரம் தூரத்தில். அரசு அறிவிப்பு எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வெளியாகிறது. ஆனால் அது எங்கள் பிள்ளைகள் காதில் விழும்போது பல நேரம் கடைசித் தேதி தாண்டியிருக்கும். மார்க் குறைந்து வேலை போனால் அடுத்த முறை படித்துக்கொள்ளலாம். தகவல் தெரியாமலே வாய்ப்புப் போனால் அந்தப் பிள்ளையை எப்படித் தேற்றுவது? அதற்காகத்தான் இந்தத் தாள். இரண்டு பக்கம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். யார் ஓய்வு பெறுகிறார், யாருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, எங்கே கருத்தரங்கு, எந்த வேலைக்கு எப்போது கடைசித் தேதி, அவ்வளவுதான் அதில் இருக்கும்.

முதல் நன்றி மலையாளத் துறை டீச்சருக்கு. கெஜட்டில் வரும் அறிவிப்புகளை வரிவரியாகப் படித்து, எது எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தது அவர்தான். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரளத் தேர்வாணையமான பி.எஸ்.சி. விஷயத்தில் அவருக்கு இருந்த பிடிவாதம் யாருக்கும் வராது. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். தேர்வுக்கு முன்னால் பி.எஸ்.சி.யின் இணையப் பதிவுத் தளமான துளசியில் போய் “தேர்வு எழுத வருகிறேன்” என்று உறுதி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. தமிழில் வினாத்தாள் வேண்டுபவர்கள் அதையும் கவனமாகக் குறிக்க வேண்டும். இந்தச் செய்தியை ஒவ்வொரு இதழிலும் கட்டம் கட்டிப் போட வைத்தார். போன மாதம்தானே போட்டோம் என்று நான் கேட்டால், “போன மாசம் படிக்காத குட்டி இந்த மாசம் படிக்கும் டீச்சரே” என்பார். அவர் சொன்னதுதான் நடந்தது. உறுதி கொடுக்கும் கடைசி நாளன்று நம் கட்டத்தைப் பார்த்துவிட்டு நூலகக் கம்ப்யூட்டருக்கு ஓடிவந்த பிள்ளைகள் உண்டு.

அதே டீச்சர்தான் நம் துறை மாணவர்களைத் தெக்கேகிராமத்துக் குருமடத்துக்கு அழைத்துப் போனவர். மலையாளத்தில் ராமாயணம் பாடிய துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தும் அதுவரை உள்ளே போகாத பிள்ளைகள்தான் அதிகம். சோகநாசினிப் புழைக்கரையில் உட்கார வைத்து எழுத்தச்சன் வரிகளை அவர் படிக்க, நம் பிள்ளைகள் கம்பனைப் படித்தார்கள். இரண்டு ராமாயணமும் ஒரே கரையில் கேட்டது. தாளில் நாங்கள் வெளியிட்ட நிகழ்ச்சிச் செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கொழிஞ்சாம்பாறை டி.டி.பி. கடைத் தம்பிக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. மலையாளம் பழைய ரேவதி எழுத்துருவில் வரும், தமிழ் யூனிகோடில் வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் ஒன்று கட்டம் கட்டமாக மாறிவிடும். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றிக் கொடுத்தார். காகிதத்துக்கு மட்டும்தான் காசு வாங்கினார். பி.எஸ்.சி. பதிவுக்கு வரும் பிள்ளைகளுக்குப் புகைப்படத்தின் அடியில் பெயரும் படம் எடுத்த தேதியும் இருக்கிறதா என்று அவரே பார்த்துவிடுவார். அது இல்லாத படத்தால் விண்ணப்பம் தள்ளப்பட்ட பிள்ளைகளை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு பெண் கல்யாணப் படத்தை வெட்டிக்கொண்டு வந்தபோது, கடைக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்முன் நிற்க வைத்து, புதிதாகப் படம் எடுத்து ஏற்றிவிட்டார். கடைசித் தேதி புதன்கிழமை நள்ளிரவு என்றால், அன்று கடை ஷட்டர் பாதி இறங்கியபடியே பதினொன்றரை வரை திறந்திருக்கும். அந்தப் பெண் இன்று அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறார்.

அடுத்த நன்றி அலுவலகச் சூப்பரண்ட் சாருக்கு. கெஸ்ட் லெக்சரர்களின் கவலை அலுவலகத்துக்குப் பொதுவாகப் புரியாது என்பார்கள். இவர் அப்படி இல்லை. திருச்சூர் கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிவு செய்தவர்களைத்தான் கெஸ்ட் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பதை, எம்.ஏ. முடித்து வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் டி.சி. கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினார். தாளில் வந்த சர்வீஸ் செய்திகள் எல்லாம் அவர் சரிபார்த்தவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாணவனின் தகப்பனார் உதவித்தொகை தாமதம் பற்றித் தமிழில் எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். சூப்பரண்ட் சார் மனுவைக் கையில் வாங்கிப் படித்தார். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் தருகிறது என்று ஒரு முகப்புக் கடிதம் எழுதி அதோடு இணைத்தார். மனு ஏற்கப்பட்டது. அவர் தாய்மொழி மலையாளம். அந்த மாதத் தாளில் சட்டத்தின் அந்தப் பகுதியை எளிய தமிழில் போட்டோம். இப்போதும் அதை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கும் விவசாயிகளை நான் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பார்க்கிறேன்.

2024 ஜூலையில் கேரளக் கல்லூரிகளில் நாலாண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியபோது, மொழித் துறைகளில் இருந்த எல்லோருக்கும் கலக்கம். எத்தனை மணி நேரம் குறையும், யாருடைய வேலை போகும் என்பதே பேச்சு. வதந்தி ஓடிய வேகத்தில் உத்தரவு ஓடவில்லை. பொருளியல் துறைச் சார் பல்கலைக்கழக விதிமுறைகளை முழுக்கப் படித்துவிட்டு வந்து, ஒரு மாணவர் எந்தப் பருவத்தில் எந்த மொழிப் பாடத்தை எடுக்க முடியும் என்று சார்ட் பேப்பரில் வரைந்து, ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் விளக்கினார். அதையே சுருக்கி வெளியிட்டோம். மொழித் துறைக்காரர்களுக்கு அவர் செய்த உதவி இது, தம் துறைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த ஓய்வு பெற்ற ஐயாவுக்கும் என் வணக்கம். தமிழ்ப் பாடம் 100 கேள்வியில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. பொதுத்தாள் 50 கேள்வியில்தான் கோட்டை விடுவார்கள். அந்த 50-ஐக் கணக்குத் துறை டீச்சரிடமும் கம்ப்யூட்டர் துறைத் தம்பியிடமும் பிரித்துக் கொடுத்து, மூவருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த தேர்ச்சிகள்தான் நம் தாளில் “மகிழ்ச்சிச் செய்தி” என்ற தலைப்பில் வந்தவை. ஐயா பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். காபி வாங்கிக் கொடுக்கக்கூட விடமாட்டார்.

நம் அலுவலக அட்டெண்டர் அண்ணனைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நிறைவாகாது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் போர்டில் ஒட்டிய தாள் மதியத்துக்குள் மரத்தில் தொங்கும். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து, கீல் போட்டு, கேன்டீன் வாசலில் மாட்டியவர் அவர். அங்கே மாட்டினால்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பது அவர் யோசனை. முதல்வர் அறைப் பக்கம் மாட்டியிருந்தால் நானும் நீங்களும்தான் படித்திருப்போம். அனுமதி தந்த முதல்வர் அவர்களுக்கும், காகிதச் செலவை ஏற்ற ஸ்டாஃப் கிளப்புக்கும், பிழை பார்த்த முதுகலை மாணவர்களுக்கும் நன்றி.

ஊழியர் செய்திகளில் யாரை முதலில் போடுவது என்ற பேச்சு ஒருமுறை எழுந்தது. பேராசிரியர் ஒருவரும், நம் கல்லூரியைக் காலை ஆறு மணிக்கே வந்து பெருக்கிய அக்காவும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். அந்தப் பேராசிரியரே என்னைக் கூப்பிட்டு, அக்காவின் செய்தி மேலே வரட்டும், என்னுடையது கீழே போதும் என்றார். அக்காவிடம் விவரம் கேட்கப் போனேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தான் சேர்ந்தபோது எந்தக் கட்டடம் இருந்தது, எந்த மரம் யார் நட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நம் பின்வாசல் புளியமரத்தின் கதை எனக்கு அன்றுதான் தெரியும். அச்சானதும் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். “எம் பேரு அச்சுல வந்திருக்குதா டீச்சரு, இன்னொருக்கா படிங்க” என்றார். மறுபடி படித்தேன். பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு தாள் வாங்கிக்கொண்டார். அந்தப் பேராசிரியருக்கு என் நன்றியை நேரில் சொல்லியும் ஆறவில்லை. இங்கேயும் சொல்கிறேன்.

இனித் தாளைப் பார்த்துக்கொள்ளப் போவது நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சரும் நூலகரும். இருவரும் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த அதே ஒத்துழைப்பை அவர்களுக்கும் கொடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். ஓய்வு, பதவி உயர்வு, பட்டம், வீட்டு விசேஷம், இழப்பு எதுவானாலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இரண்டு வரி போதும், எந்த மொழியானாலும் சரி. புத்தாக்கப் பயிற்சி, கருத்தரங்கு, கெஸ்ட் நேர்முகம் பற்றிய அறிவிப்பு கண்ணில் பட்டால், நமக்குத் தேவையில்லை என்று தள்ளாமல் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். செய்திகளை நூலக மேசையில் இருக்கும் நீல ஃபைலில் வைக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்குள். டிசம்பர் நெட் தேர்வுக்கான விவரம் வந்தவுடன் தனித் தாளாக வெளியிடுவதாகப் புதிய டீச்சர் சொல்லியிருக்கிறார். போகிற இடத்திலிருந்து எனக்குக் கிடைக்கும் அறிவிப்புகளையும் அவருக்கே அனுப்பிவைப்பேன்.

அன்பும் நன்றியும்,
தமிழ்த் துறை ஆசிரியை