கூத்துக்கு ஒரு பைப் கமெரா

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. வீடு மாறின கதையெல்லாம் வாசித்தேன். இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட ஏலாது.

இப்ப என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பிவிசி பைப் வெட்டுகிறேன்! படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேறப் போகிறது, வீடியோ எடுத்துத் தரச்சொல்லி கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டிருக்கிறார். ஆடுகிற களரி வட்டம், சுற்றிவரச் சனம். ட்ரைபொட்டை ஓரிடத்தில் ஊன்றினால் ஆட்டக்காரர் பாதி நேரம் முதுகைத்தான் காட்டுவார். நடந்து எடுத்தால் படம் குலுங்கும். அதுதான் பைப்பில் ஒரு ஸ்டெடிகாம் செய்கிறேன், நடந்து எடுத்தாலும் படம் குலுங்காமல் கமெராவைத் தாங்கும் சாமான்.

1970களில் காரெட் பிரவுன் செய்த ஸ்டெடிகாமின் சூட்சுமம் லேசானதுதான். மேலே கமெரா, கீழே பாரம், எடை சமமாகும் இடத்துக்குச் சற்று மேலே பிடி. பாரம் தள்ளி நின்றால் கை நடுக்கம் கமெராவுக்கு லேசில் ஏறாது. அசல் சாமானில் பிடியோடு எல்லாப் பக்கமும் சுழலும் கிம்பல் உண்டு. என்னுடையதில் இல்லை, ஆனாலும் வெறுங்கையைவிட எவ்வளவோ மேல். அடிப் பைப்புக்குள் ஆற்று மணலைக் காயவைத்து நிரப்பினேன். கடல் மணல் கூடாது, உப்பு போல்டைத் தின்றுவிடும்.

பெரிய கரைச்சல் கமெராவைப் பைப்பில் பூட்டும் அந்த போல்டுதான். கமெராவின் அடித்துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. இங்கே ஹாட்வெயார் கடையில் கேட்டால் 6 மில்லிமீற்றர் போல்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.27. மற்றதில் இடைவெளி 1 தான். உள்ளே போகும், ஆடும், இறுக்கினால் கமெராவின் புரியையே அரித்துவிடும்.

வெளிச்சத்துக்குப் பெரிய வேலை இல்லை. நம்மட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் கமெராவின் ஷட்டரை செக்கனில் ஐம்பதில் ஒன்றில் பூட்டிவிட்டால் டியூப் லைட் மினுங்கித் தெரியாது. சத்தம்தான் முக்கியம். சத்த அளவைக் கமெராவே பார்க்கட்டும் என்று ஒட்டோவில் விட்டால் மத்தளம் விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கிப் பிறகு எழும்பும். பிற்பாட்டுக்காரருக்குக் கிட்ட பழைய போன் ஒன்றை வைத்துத் தனியாகப் பதியப் போகிறேன். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் பிறகு படத்தையும் போனில் பதிந்த சத்தத்தையும் பொருத்தலாம். படம் கொஞ்சம் ஆடினாலும் நம்மட சனம் பொறுக்கும், பாட்டு விளங்காவிட்டால் எழும்பிப் போய்விடும்.

சரி, ஒரு உதவி. உங்கட கனடாவில் அங்குலக் கணக்கு போல்ட் எந்தக் கடையிலும் கிடக்கும். அடுத்த மாதம் வரும் உன் மருமகனிடம் ஒரு கைப்பிடி அளவு போல்ட் கொடுத்துவிடு, நட், வொஷரோடு. காசு பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் மச்சான்