பத்து மாத முன்பணம்: வாடகைக் குடும்பங்களை மறந்த வீட்டுக் கொள்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வீடு என்ற பேச்சு எழும்போதெல்லாம், அரசுகள் அறிவிக்கும் சலுகைகள் வீடு வாங்குகிறவரை நோக்கியே இருக்கின்றன. விலை 45 லட்சம் ரூபாய்க்குள்ளும் கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் கட்டப்பட்டு வரும் பிளாட்டுக்கு ஜிஎஸ்டி 1 சதவீதம்தான். 2023 டிசம்பர் முதல், புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வேண்டிய சலுகைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் ஒரு டர்னருக்கு (கடைசல் இயந்திரத் தொழிலாளிக்கு) 45 லட்சம் வீடு இன்றைக்கும் எட்டாது, பத்து ஆண்டு கழித்தும் எட்டாது. அவர் வாடகை வீட்டில்தான் இருப்பார். அவர் எந்தத் தெருவில் குடியிருக்க முடியும் என்பதை மாத வாடகையைவிட முன்பணம்தான் முடிவு செய்கிறது. வீட்டுக் கொள்கையில் இந்த முன்பணத்துக்கு இடமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். வாடகை 12,000 என்றால், சென்னையின் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை இரண்டும் சேர்ந்தால் 1,44,000. வண்டிக்கூலி தனி. கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம் கையில் இருந்தால்தான் சாவி கிடைக்கும். இந்தப் பணம் பெரும்பாலும் சேமிப்பிலிருந்து வருவதில்லை. நகையை அடகு வைத்து, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் 1,20,000-க்கு மாதம் 1,200 ரூபாய். வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் 2,400. ஆக 12,000 ரூபாய் வாடகை வீடு உண்மையில் 13,200 அல்லது 14,400 ரூபாய் வீடு. உரிமையாளர் கையில் இருக்கும் முன்பணத்துக்கு வட்டி கிடையாது. வாடகை நிலவரத்தைப் பற்றிய எந்த அரசுக் கணக்கிலும் இந்த மறைமுக வாடகை ஏறுவதில்லை.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அதை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்குவது சட்டவிரோதம் என்று சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியம் 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்று தொடங்குகிறது. இந்தத் தொடக்கம் பின்னால் வரும் உச்சவரம்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. பத்து மாதம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் அதுவே மாறான ஒப்பந்தம். வீடு கிடைக்க வேண்டுமே என்ற நெருக்கடியில் இருப்பவர் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? மத்திய அமைச்சரவை 2021-இல் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. நாம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குப் போய், அதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

பத்து மாத முன்பணத்தின் பெரிய கேடு, கொடுக்கும் நாளில் அல்ல, திரும்பக் கேட்கும் நாளில் தெரியும். பெரும்பாலான உரிமையாளர்கள் அந்தப் பணத்தைத் தனியாக வைத்திருப்பதில்லை. மாடி கட்டியதற்கோ, பெண் கல்யாணத்துக்கோ, வீட்டுக் கடன் தவணைக்கோ போயிருக்கும். ஆகவே பழைய குடித்தனக்காரருக்குத் தர வேண்டிய பணம், புதிய குடித்தனக்காரர் கொண்டு வரும் பணம்தான். "ஆள் வந்ததும் தருகிறேன்" என்பது இதனால்தான். புதிதாக வருகிறவரும் தன் பழைய வீட்டின் அட்வான்ஸ் வந்தால்தான் தர முடியும். இப்படி நான்கைந்து வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவர் தாமதித்தால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். நடுவில் இருக்கும் குடும்பம் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டு முன்பணத்தைச் சுமக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் காப்புத்தொகையைத் திருப்ப வேண்டும் என்று அதே 11-ஆம் பிரிவு சொல்வது பலருக்குத் தெரியாது. தொகை மூன்று மாதமாக இருந்தால் உரிமையாளராலும் எளிதாகத் திருப்பித் தர முடியும். இந்தச் சங்கிலியே உருவாகாது.

அடுத்தது பிடித்தம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது சென்னையில் எழுதாத விதி. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைத்த கழிவுக்குழாய், சுவிட்ச், பிளக் பாயின்ட், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். எழுதாத வரை, மூன்று ஆண்டு குடியிருந்த வீட்டில் சுவர் மங்கிப்போனதற்கும் அடுப்படியில் புகை படிந்ததற்கும் பணம் பிடிக்க வழியில்லை. புழக்கத்தால் வரும் தேய்மானம் சேதம் ஆகாது. டைல்ஸ் உடைந்திருந்தால், வாஷ்பேசினில் விரிசல் விழுந்திருந்தால் அது வேறு விஷயம்; அதற்கு ரசீதோடு கணக்குக் காட்டிப் பிடிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் சட்டம் ஏன் வீடு வரைக்கும் வருவதில்லை? எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இல்லாததே முதல் காரணம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால் பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் வந்தது. 2017 சட்டத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. இணையம் வழியாக விண்ணப்பித்துப் பதிவு எண் பெறலாம். நடப்பது என்னவென்றால், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் நகலகத்தில் தயாராக இருக்கும் பழைய வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். தகராறு என்று வரும்போது அந்தத் தாள் நிற்பதில்லை. அதைவிட மோசம், முறையான ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாக 21-ஆம் பிரிவு ஏற்கிறது. ஒப்பந்தம் போட மறுத்தவர் உரிமையாளராகவே இருந்தாலும், கடைசியில் வீட்டை விட்டு இறங்குகிறவர் குடித்தனக்காரர்தான்.

உரிமையாளர்கள் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு, அவற்றைத் தள்ளிவிட முடியாது. பழைய சட்டத்தின் கீழ் வழக்குகள் பல ஆண்டு இழுத்த நினைவு இன்னும் போகவில்லை. 'காலி செய்யமாட்டான்' என்ற பயத்துக்குக் காப்பீடாகத்தான் பத்து மாதத்தைக் கேட்கிறார்கள். வாடகை நீதிமன்றங்கள் விரைந்து முடிக்கும் என்ற நம்பிக்கை வராத வரை இந்தப் பயம் குறையாது. இன்னொரு பயம் வருமான வரி. இதில் பெரும்பகுதி தேவையற்றது. மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. அதில் 30 சதவீத நிலையான கழிவு போக வரிக்கு உட்படுவது ஏறத்தாழ ஒரு லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஓய்வூதியத்தோடு ஒரு போர்ஷன் வாடகையை நம்பியிருக்கும் பெரியவருக்கு இதனால் ஒரு ரூபாய் வரிகூட வராது. செலவுதான் உண்மையான தடை. குத்தகை ஆவணத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், சார்பதிவாளரிடம் போனால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம். பதினொரு மாத வாடகையை மட்டும் கணக்கிட்டாலே 12,000 ரூபாய் வீட்டுக்கு 2,640 ரூபாய். ஒவ்வொரு பதினொரு மாதமும் இதைக் கட்ட யாரும் முன்வர மாட்டார்கள்.

மின்கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் வாடகைதான். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 முதல். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன்களுக்கு சப் மீட்டர் போட்டிருந்தால், மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட்தான். கூட்டுப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டணம் உயர் அடுக்குக்குத் தாவுகிறது. உரிமையாளர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குவதில் பேராசையும் உண்டு, இந்த அடுக்குக் கணக்கும் உண்டு. தனி இணைப்பு வாங்கினால் எல்லாருக்கும் லாபம். ஆனால் பல போர்ஷன்கள் அனுமதி வரைபடத்தில் இல்லாதவை. விண்ணப்பம் போட்டால் விதிமீறல் வெளிச்சத்துக்கு வரும் என்று உரிமையாளர் ஒதுங்குகிறார். இலவச மின்சாரம் மிகவும் தேவைப்படும் குடும்பங்களுக்கு அது போய்ச் சேராமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

சட்டம் திருந்தும் வரை வாடகைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. முன்பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். குறிப்பில் 'அட்வான்ஸ்' என்று போடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் தராதீர்கள். கொடுத்த முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாதியை எழுதிவிட்டு மீதியை வாய்மொழியாக விடும் பழக்கம் பின்னால் பெரும் தொல்லை. குடிபுகும் அன்றே ஒவ்வொரு அறையின் சுவர், தரை, குழாய், மீட்டர் அளவு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி நிற்கும். பெயின்டிங் பிடித்தம் உண்டா, இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். காலி செய்வதை எழுத்தில் தெரிவியுங்கள். வாடகை வாங்க மறுத்தால் சும்மா இருக்காதீர்கள், அது பிறகு பாக்கியாகக் காட்டப்படும். வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் 20-ஆம் பிரிவின் கீழ் அதே அதிகாரியிடம் புகார் தரலாம்.

மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாக வாங்கும் 'லீஸ்' வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். வீட்டின் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் வாராக்கடனானால், வங்கி வந்து பூட்டுப் போடும்போது உங்கள் பணம் வரிசையில் கடைசியாக நிற்கும். இடைத்தரகர் நிறுவனம் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து உங்களுக்கு லீசுக்கு விடுகிறதா என்பதையும் உரிமையாளரை நேரில் கண்டு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. 11-ஆம் பிரிவில் 'மாறான ஒப்பந்தம்' என்ற விலக்கைக் குடியிருப்புகளுக்காவது எடுத்துவிடுங்கள். மாதம் 20,000 ரூபாய் வரையிலான வாடகைக்கு முத்திரைத்தீர்வையை ஒரு சிறிய நிலையான தொகையாக்கி, இ-சேவை மையத்திலேயே ஒரே அமர்வில் ஒப்பந்தமும் பதிவு எண்ணும் கிடைக்கச் செய்யுங்கள். பதிவு எண் உள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும், வரைபட விதிமீறல் விவகாரத்தைத் தனியாக வைத்துவிட்டு, மின் இணைப்புத் தாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகளோடு விடுதி கட்ட முடிந்திருக்கிறது, பணிபுரியும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் வந்திருக்கின்றன. குழந்தைகளோடு வரும் தொழிலாளிக் குடும்பத்துக்கான வாடகைக் குடியிருப்பு மட்டும் யார் பட்டியலிலும் இல்லை. 2027 முதல் 2046 வரைக்கான சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) மெட்ரோ நிலையங்களைச் சுற்றி இதற்கென நிலம் குறிக்கப்பட வேண்டும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே நிலம் கிடைக்காது.

சட்டமன்றம் கூடும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. முன்பணம் ஒரு மாதத்தில் திரும்பாவிட்டால் தர வேண்டிய மனுவை, ஒரே பக்கத்தில், தமிழில், வழக்கறிஞர் இல்லாமல் நிரப்பக்கூடிய படிவமாக அச்சடித்து, வாடகை அதிகாரி அலுவலகத்திலும் தாலுகா அலுவலகங்களிலும் வைக்கலாம். அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டாம் அட்டவணையை அப்படியே போட்டுவிட்டால், பெயின்ட் காசுச் சண்டையில் பாதி அலுவலகம் வராமலே தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை