என்னைக் கூப்பிடும் முன் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள்: சிறு தொழில் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கடை, பட்டறை, சின்ன அலுவலகம், வீட்டிலிருந்தே நடத்தும் வியாபாரம் என்று எதையாவது நாலைந்து பேரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். "எங்களுக்கென்றே ஒரு ஆப் வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுத்தான் உங்களில் பலர் என்னிடம் வருகிறீர்கள். என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை: பெரும்பாலானோருக்கு நான் தேவைப்படவே மாட்டேன்.

இதை நான் சும்மா தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவருக்குச் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்க மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேசையில் பழைய நோட்டு, என் புரோகிராமில் கடைசிப் பதிவு ஒரு மாதத்துக்கு முந்தையது. கோபம்தான் வந்தது. அப்புறம் அரை நாள் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பில் போடும் பையன் ஒரு மென்பொருளில் பில் போட்டுவிட்டு, அதே சரக்கை என்னுடையதில் மறுபடியும் கழிக்க வேண்டியிருந்தது. கூட்டம் நிற்கும்போது யார் இரண்டு தரம் அடிப்பார்கள்? இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த அந்த பில் மென்பொருளிலேயே இருப்புக் கணக்கு இருந்தது. அமைப்புகள் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் டிக் செய்யப்படாமல் கிடந்தது, அவ்வளவுதான். அவர்களும் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டிய நானும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஒரே ஒரு வேலைதான் கொடுக்கிறேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒரு ஆர்டர் வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும்வரை யார் எதை எங்கே எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள். வாடிக்கையாளர் பெயர் போன் மெசேஜில், நோட்டில், பில்லில், பார்சல் மேல், மாதக் கடைசியில் கணக்காளருக்கு அனுப்பும் பட்டியலில் என்று ஐந்து இடத்தில் வந்தால் அங்கேதான் உங்கள் நேரம் போகிறது, தப்பும் அங்கேதான் நுழைகிறது. ஒரு தரம் எழுதினால் மற்ற நான்கு இடத்துக்கும் தானாகப் போகுமா என்பதுதான் கேள்வி. எந்த ஆப் நல்லது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எக்செல்லோ, கூகுள் ஷீட்ஸோ, இலவசமான லிப்ரே ஆபிஸோ இருக்கும். இந்த ஸ்ப்ரெட்ஷீட் வகைக்கே வித்திட்டவர் டான் பிரிக்ளின் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர். அவர் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் கரும்பலகையில் ஒரு எண்ணைத் திருத்தினால் அதைத் தொட்ட எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் 1979-இல் அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க், இன்றைய ஸ்ப்ரெட்ஷீட்டுக்கெல்லாம் மூத்தது. ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாற வேண்டும் என்பதற்காகவே உருவான கருவியில், கட்டம் போட்ட காகிதம் மாதிரி எண்களை நிரப்பிவிட்டு, பக்கத்தில் கால்குலேட்டரில் கூட்டி, விடையைக் கையால் அடிக்கும் ஆட்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கூட்டல் மட்டுமில்லை. டேட்டா வேலிடேஷன் என்று ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழே போகும் ஒரு பத்தியில் இன்னின்ன பெயர்களை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று பட்டியல் வைத்துவிட்டால், ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக ஆகமாட்டார். பிவட் டேபிள் என்றதும் பயப்படுகிறீர்கள், ஆனால் எந்தப் பொருள் எந்த மாதம் எவ்வளவு போனது என்று நாலு தரம் மவுஸை இழுத்தால் சொல்லிவிடும். முந்நூறு பேருக்கு நிலுவைக் கடிதம் அனுப்ப முந்நூறு தரம் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறீர்களே, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக் கடிதத்தில் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் எண்பதுகளிலிருந்தே இருக்கிறது. கூகுள் ஃபார்ம்ஸில் ஆர்டர் படிவம் ஒன்று வைத்தால் வருவதெல்லாம் நேராக ஷீட்டில் வரிசையாக விழும்.

சரி, இதில் குழியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் உள்ள குறியீட்டு எண்களில் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள், அடித்த பிறகு மாற்றினால் போனது போனதுதான். சில சொற்களைத் தேதியாக்கிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு; மார்ச்1 என்ற பெயருள்ள மரபணுவைக்கூட அது தேதியாக மாற்றிக்கொண்டிருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களின் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 2023-இல்தான் வந்தது. அதே 2020-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் சேராமல் விடுபட்டன. எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது என்பதுதான் காரணம். உங்கள் வியாபாரத்தில் அவ்வளவு வரிசை வராமல் இருக்கலாம், ஆனாலும் கோப்பைப் புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்துவிடுங்கள்.

போனையும் விட்டுவிடாதீர்கள். வாட்ஸாப் பிசினஸ் 2018-இலிருந்து இருக்கிறது. "எப்போது திறப்பீர்கள், எப்படிப் பணம் அனுப்புவது" என்று ஒரே கேள்விக்கு நாளுக்கு முப்பது தரம் பதில் அடிக்கிறவர்கள், அதில் குவிக் ரிப்ளை வைத்துக்கொண்டால் ஒரு சாய்கோடும் இரண்டு எழுத்தும் போதும். பணம் வந்தது, வராதது, அனுப்பியாயிற்று என்று உரையாடலுக்கு லேபிள் ஒட்டலாம். விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு வீ-யை அழுத்துங்கள், முதல் தடவை ஆன் செய்யச் சொல்லும், செய்தால் அதிலிருந்து நீங்கள் காப்பி செய்ததில் கடைசி 25 வரை பட்டியலாக நிற்கும். என் கூட வேலை செய்கிறவர்களுக்கே இது தெரியாது.

எல்லாவற்றையும் ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே ஓட்டச் சொல்லவில்லை. ஒரே கோப்பை நாலு பேர் காப்பி எடுத்து 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டீர்களா, கடன் நிலுவையும் வரியும் கலந்துவிட்டதா, அப்போது முறையான கணக்கு மென்பொருளுக்குப் போங்கள், சந்தையில் நிறையவே இருக்கின்றன. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஒரே கேள்வி: நாளைக்கு நான் விலகினால் என் தகவல் முழுவதையும் வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? பதிலில் இழுவை தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இலவசத் திட்டமாக இருந்தால் இதை இரண்டு தரம் கேளுங்கள்.

அப்புறம், கிளவுடில் சிங்க் ஆகிறது என்பதை பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதற்குப் பெயர்தான் சிங்க். அழித்தது குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் உண்டு. தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வாரம் ஒரு பிரதி போட்டு, இயந்திரத்திலிருந்து கழற்றி வையுங்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது எப்போதாவது திறந்தும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தாளில் ஏதோ ஒரு இடம் அடைபட்டே நிற்கிறது என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எழுதித் தருகிறேன். வரும்போது அந்தத் தாளோடு வாருங்கள், முடிந்தால் பில் போடும் ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அந்த டிக் கட்டத்தைப் பார்க்காமல் விட்டவன்