லீட் கிட்டாரில் நான் நின்றுபோன 6 வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் கிட்டார் பழகுகிறவர்களுக்காக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதில் ‘முன்னேற்றம் நின்றுபோனால் என்ன செய்வது’ என்ற பகுதியைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியில் வேகத்தை வாரத்துக்கு 5 கூட்டுங்கள், பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், தானாக வந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதைத்தான் நான் 6 வருடம் செய்தேன், வரவில்லை.

நான் திருச்சிக்காரன். 90-களில் இங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தேன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், எப்போதாவது கல்லூரி விழா. கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) பிடிப்பது பிரச்சினையே இல்லை, ஆசையெல்லாம் லீட் மேல், அதாவது நடுவில் தனியாக மெட்டு வாசிப்பதன் மேல். தெரிந்தவர் ஒருவர் ஏ மைனர் பென்டடோனிக் ஸ்கேலை, அதாவது ஐந்து சுர வரிசையை, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். 5வது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த பட்டை) ஆரம்பிக்கும் முதல் பாக்ஸ் (விரல் வைக்கும் கட்டம்), கம்பிக்கு 2 இடம், 6 கம்பிக்கு 12 இடம். கிட்டார் பிடித்த எல்லோருக்கும் இது தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த 12 இடத்தை மேலும் கீழும் ஓட்டுவேன். நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி 120-க்கு வந்தேன். அந்த வேகத்தில் ஒரு தட்டுக்கு நாலு சுரம் என்றால் நொடிக்கு 8 சுரம், கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், நானும் வந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் கீபோர்டுக்காரர் வரவில்லை. மேடையிலேயே குழுவை நடத்தும் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, இடையில் எட்டு பார் (தாளச் சுற்று) நீ எடுத்துக்கொள் என்று சைகை காட்டினார். எடுத்தேன். மேலே ஓடினேன், கீழே ஓடினேன், மறுபடி மேலே ஓடினேன். எட்டு பார் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது மாஸ்டர் சொன்னார்: “தம்பி, மாடிப்படி நல்லா ஏறி இறங்குற. எப்பதான் வீட்டுக்குள்ள போவ?” வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ட்ரம்ஸ்காரர் மணப்பாறை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

வேகம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். 120-ஐ 132 ஆக்கினேன். மாடிப்படி வேகமானது, அவ்வளவுதான்.

விஷயத்தை எனக்குப் புரியவைத்தது என் அப்பா. அவருக்கும் கிட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தந்தி ஆபீசில் மோர்ஸ் கேட்டு எழுதும் வேலையில் இருந்தவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, அவர் வேலை பழகிய காலத்தில் தந்தி அனுப்புவது மாதத்துக்கு மாதம் வேகம் பிடித்ததாகவும், கேட்டு எழுதுவது மட்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றதாகவும் சொன்னார். “ஒவ்வொரு எழுத்தா கேட்டுட்டு இருந்த வரைக்கும் நகரல. ஒரு நாள் வார்த்தையா கேட்க ஆரம்பிச்சுது. அப்புறம் பிரச்சினை இல்ல.” நன்றாகப் பழகியவர்கள் கருவி தட்டுவதற்குச் சில வார்த்தைகள் பின்னால்தான் எழுதிக்கொண்டு வருவார்களாம், காது முன்னால் போய்க்கொண்டிருக்குமாம்.

இது அப்பாவின் அனுபவம் மட்டும் இல்லை என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. அமெரிக்காவில் வில்லியம் பிரயன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி பழகுகிறவர்களைப் பின்தொடர்ந்து 1897-லும் 1899-லும் ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். அனுப்பும் வேகம் கோடு போட்டதுபோல் ஏறுகிறது, வாங்கும் வேகம் வாரக்கணக்கில் தட்டையாகக் கிடந்துவிட்டுப் பிறகு சட்டென்று எழும்புகிறது. எழுத்து பழகி, சொல் பழகி, சொற்றொடர் பழகி, ஒவ்வொரு படியும் கைக்கு அத்துப்படியான பிறகுதான் அடுத்தது திறக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பயிற்சியில் வரும் தேக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது, அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. சரி, அது வேறு கதை.

நான் எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தேன். 12 இடமும் எனக்கு 12 எழுத்து, அதில் ஒரு சொல்கூட இல்லை. எழுத்துகளை எத்தனை வேகமாகச் சொன்னாலும் அது பேச்சாகாதே.

அதன் பிறகு நான் செய்த முதல் காரியம் வீட்டில் கேலிக்கு ஆளானது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் வாயால் பாடினேன். நாலைந்து சுரம், ஒரு சின்ன வரி. அதைப் பாடி முடித்துவிட்டுக் கம்பியில் தேடுவேன். முதல் மாதம் பாதிக்கு மேல் தப்பு, வெட்கமாக இருந்தது. 132-ல் ஓடுகிற விரலுக்கு, தான் பாடிய நாலு சுரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! நம் ஊரில் பாட்டு கற்கிற குழந்தைகூட சரளி வரிசையை வாயால் பாடித்தான் மூன்று காலத்துக்கு (வேகத்துக்கு) போகிறது, மிருதங்கம் கற்கிற பையன் சொல்லை வாயால் சொல்லிவிட்டுத்தான் தோலில் கை வைக்கிறான். கிட்டார் என்று வந்ததும் இதையெல்லாம் மறந்துவிட்டு ஃப்ரெட் எண்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறோம்.

இரண்டாவது, அடியில் என்ன கார்டு ஓடுகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ரிதம்காரனான எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், லீட் என்றதும் மூளை கழன்றுவிட்டது. ஏ மைனர், டி மைனர், இ செவன் என்று மூன்று கார்டில் போகும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கீரவாணி ராகச் சாயல் உள்ளது. மெல்லிசை மேடையில் இந்த மாதிரிப் பாட்டு ராத்திரிக்குக் குறைந்தது ரெண்டு வரும். பென்டடோனிக் பாக்ஸில் ஜி சுரம் இருக்கிறது. இ செவன் கார்டுக்குள் இருப்பதோ ஜி ஷார்ப், ஜி-க்கு ஒரு ஃப்ரெட் மேலே. கார்டு மாறியது தெரியாமல் நீங்கள் ஜி-யில் போய் நீட்டி நின்றால், பாயசத்தில் உப்பு விழுந்தது மாதிரி இருக்கும். என் சோலோக்களில் ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று வருடக்கணக்கில் தவித்தேனே, அதில் பாதி இதுதான். அந்த இடத்தில் முதல் கம்பியில் 4வது ஃப்ரெட்டைத் தொட்டுப் பாருங்கள், அது ஜி ஷார்ப், பாக்ஸுக்கு ஒரே ஒரு ஃப்ரெட் வெளியே. கார்டு ஏ மைனருக்குத் திரும்பும் அதே நொடியில் 5வதில் இறங்குங்கள். ரெண்டே சுரம்தான், வேகமே வேண்டாம், கேட்பவர் தலை தானாக ஆடும். மாஸ்டர் சொன்ன ‘வீட்டுக்குள் போவது’ இதுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

கம்பியை இழுக்கும் விஷயத்தையும் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். லீட் கிட்டாரில் குரல் மாதிரி ஒலிப்பதற்குக் காரணமே அந்தப் பென்டிங்தான், அதில்தான் முக்கால்வாசிப் பேர் சுருதி தப்புகிறோம். பரீட்சை செய்துபார்க்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது கம்பியில் 7வது ஃப்ரெட்டைப் பிடித்து மேலே தள்ளுங்கள். முழுதாகத் தள்ளினால் ரெண்டு ஃப்ரெட் ஏற வேண்டும், அதாவது டி இருந்த இடத்தில் இ கேட்க வேண்டும். அந்த இ, இரண்டாவது கம்பியில் 5வது ஃப்ரெட்டில் சும்மாவே உட்கார்ந்திருக்கிறது. ரெண்டையும் சேர்த்து அடித்தால், சுருதி சேராதபோது வவ் வவ் என்று ஒரு அலை வரும், சேர்ந்ததும் அடங்கிவிடும். நான் இதை ஃபோனில் பதிவு செய்து கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 6 வருடமாக எல்லாப் பென்டிங்கும் கொஞ்சம் குறைவாகவே நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. ஒரு விரலால் தள்ளாதீர்கள், மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற ரெண்டு விரலும் முட்டுக்கொடுக்கட்டும், திருப்புவது மணிக்கட்டாக இருக்கட்டும்.

நம் காதில் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) ஊறியிருக்கிறது என்பதும் நமக்கு ஒரு கொடுப்பினைதான். மின்சார மாண்டலினில் யு. சீனிவாஸ் கொண்டுவந்த கமகங்களையும், எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரசன்னா வாசிக்கும் கீர்த்தனைகளையும் கேட்டவர்களுக்கு, ஃப்ரெட் என்பது வேலி இல்லை என்று புரியும்.

கீர்த்தனை என்றதும் இன்னொன்று. மைனர் பென்டடோனிக்குக்கு ஐந்து பாக்ஸ் உண்டு, பல பேருக்கு முதல் பாக்ஸைத் தாண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. உறையூரில் பாட்டு சொல்லிக்கொடுத்த ஒரு அம்மா தற்செயலாக நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, “இது சுத்த தன்யாசி ராகம்தானே?” என்றார். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், அதே ஐந்து சுரம், ஏ-யை ஸட்ஜமாக (தொடக்கச் சுரமான ஸ) வைத்தால் சுத்த தன்யாசி, சி-யை வைத்தால் மோகனம், டி-யில் மத்தியமாவதி, இ-யில் இந்தோளம், ஜி-யில் சுத்த சாவேரி. கிரக பேதம் என்று அவர்கள் சொல்வது. ஆறாவது கம்பியில் 5, 8, 10, 12, 15 என்று ஐந்து பாக்ஸும் தொடங்கும் இடங்கள் வரிசையாக இந்த ஐந்து ராகத்தின் ஸட்ஜங்கள். (ராகம் வெறும் சுர அடுக்கு இல்லை என்று எனக்கும் தெரியும், சங்கீதக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.) மூன்று வருடமாக மண்டையில் ஏறாத பாக்ஸ்கள், பெயர் தெரிந்த மனிதர்களாக மாறியதும் ஒரே மாதத்தில் பழகிவிட்டன. எண்ணை நினைவில் வைப்பதைவிட மோகனத்தை நினைவில் வைப்பது எனக்குச் சுலபம்.

விரலில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கம்பி ஃப்ரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால், பிக்கை (கம்பியைத் தட்டும் சில்லு) கத்தி மாதிரி இறுக்கிப் பிடித்தால், எத்தனை காது இருந்தும் கை ஓடாது. கடைக்காரரிடம் கொடுத்து கிட்டாரைச் சரிசெய்துகொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு மூடி வையுங்கள். மெட்ரோனோமும் வேண்டும்தான், நான் இன்றும் வைத்திருக்கிறேன், ஆனால் பாதி நாள் அதில் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறேன்.

நேரத்தை இரட்டிப்பாக்குவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களை வைத்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனிருந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் போதும் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிறார்கள். அவர்கள் எந்த மாதிரிப் பயிற்சி என்றும் சொல்லியிருக்கிறார்கள்: எது வரவில்லையோ அதைக் குறிவைத்து, தவறைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பயிற்சி. அதில் சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள் என்பதும் இருக்கிறது, இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மொட்டை மாடியில் நான் செலவழித்தது வந்ததையே திரும்ப ஓட்டிய நேரம்.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் என் அண்ணன் மகன். கிட்டார் கிரேடு தேர்வில் ஐந்தாவது நிலையை முடித்துவிட்டான், சான்றிதழ் ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. போன மாதம் வீட்டு விசேஷத்தில் நான் மூன்று கார்டை உருட்டிக்கொண்டு, “நீ மேல ஏதாவது வாசிடா” என்றேன். “என்ன வாசிக்கணும் சித்தப்பா? டேப் இருக்கா?” என்றான். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதிய தாளைத்தான் டேப் என்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வுக்கு உள்ள மூன்று பாட்டைத் தாளில் உள்ளபடி ஒரு வருடம் தேய்க்க வைக்கிறார்கள், காதுக்கு என்று இருக்கும் பகுதியைக் கடைசி ரெண்டு வாரத்தில் ஒப்பேற்றுகிறார்கள். மாதம் ரெண்டாயிரம் ரூபாய் கட்டுகிற பெற்றோர் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள், வாத்தியார்களும் என்ன செய்வார்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இங்கே வருகிறான். மூன்றாவது கம்பி ஒன்றில் மட்டும் வாசிக்க வேண்டும் என்று கண்டிஷன். மற்ற ஐந்தையும் தொடக் கூடாது. நான் நாலு பார் வாசிப்பேன், அவன் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் அழாத குறை. போன வாரம் நடுவில் ஒரு பார் முழுக்க ஒன்றும் வாசிக்காமல் விட்டுவிட்டு, அடுத்ததில் ஒரே சுரத்தை இழுத்தான். சரியாக நின்றது. நான் கார்டை மாற்ற மறந்துவிட்டேன்.

கட்டுரையோடு போட்ட படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கும் பையன் இடது கைக்காரன் என்று நினைத்தேன், பின்னால் சுவர்க் கடிகாரத்தில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருக்கிறது. படத்தை இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டீர்கள். அதைப் பார்த்து யாராவது கம்பியை மாற்றிக் கட்டுவதற்குள் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரிதம் கிட்டார்காரன்,
திருச்சி