விலை பேசும் மேசையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு நிறுவன மேலாளர்களின் நேர்மை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பெரும்பாலும் லஞ்சத்தைப் பற்றியே பேசியது. ஆயத்த ஆடைகளைப் பல நாடுகளில் இருந்து வாங்கும் நிறுவனத்தில் கொள்முதல் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். லஞ்ச விஷயத்தில் எங்களுக்குக் குழப்பம் குறைவு. வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977லேயே குற்றமாக்கிவிட்டது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், கோப்பு நகர்வதற்காகக் கொடுக்கும் சின்னத் தொகையைக்கூட விட்டுவைக்கவில்லை.

யாரும் கேள்வி கேட்காத முடிவுகள் விலை பேசும் இடத்தில் எடுக்கப்படுகின்றன. ஆர்டர் உறுதியான பிறகு வாங்கும் நிறுவனத்தார் நிறத்தை மாற்றுவார்கள், எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. அப்புறம் தொழிற்சாலையில் விடிய விடிய தையல் ஓடினால், ‘ஓவர்டைம் விதிமீறல்’ என்று, தொழிலாளர் நிலையைச் சோதிக்க வரும் ஆடிட்டர் எழுதுவார். அந்த நெருக்கடியைக் கொடுத்த மின்னஞ்சல் எந்த ஆடிட் அறிக்கையிலும் வராது.

வங்கதேசத்தின் ராணா பிளாசாவை நினைத்துப் பாருங்கள். 2013 ஏப்ரல் 23 அன்றே கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல் தளங்களின் ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் காலை ஆட்களை வரச் சொல்லின. கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். வங்கிக்கு ஷிப்மென்ட் தேதி இல்லை. இந்த ஒரு வித்தியாசம் என்னை இன்றும் உறுத்துகிறது. சான்றிதழ் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது: 2012இல் கராச்சி ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 250 பேருக்கு மேல் மாண்டார்கள், சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை சர்வதேசத் தரச் சான்று வாங்கியிருந்தது.

ராணா பிளாசாவுக்குப் பின் தொழிற்சங்கங்களோடு பிராண்டுகள் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில் நல்ல விதி ஒன்று உண்டு. கட்டடத்தைப் பழுதுபார்க்க ஆலைக்குக் கட்டுப்படியாகும் விதத்தில் வாங்குபவர் வர்த்தக நிபந்தனைகளைப் பேச வேண்டும். விலையையும் பாதுகாப்பையும் ஒரே தாளில் எழுதியது அது.

எவ்வளவு விலை குறைத்தார் என்பதை வைத்துத்தான் கொள்முதல் மேலாளருக்குப் போனஸ் கிடைக்கிறது. அது அப்படியே இருக்கும்வரை நன்னெறிப் பயிற்சி வகுப்பால் என்ன பயன்? ஒவ்வொரு ஆடிட் அறிக்கையோடும், அந்த ஆலைக்குக் கொடுத்த விலை, அவகாசம், பாதியில் செய்த மாற்றங்கள் ஆகியவற்றை இணைத்து இயக்குநர் குழுவின் முன் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். உங்கள் நாளிதழும் இதை வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொள்முதல் மேலாளர்