ஆள்காட்டி இறங்க ஒரு துண்டுத் தரை

நிலப் பராமரிப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கம், தோட்டம் போட்டுக் கைவிட்ட அந்த ஈரப் புல்வெளியைப் பற்றித்தான் நான்காவது முறையாக எழுதுகிறேன். எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும்.

போன சனிக்கிழமை காலை பேரனோடு அங்கே போனேன். இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றின. வெட்டவெளித் தரையில் முட்டையிடும் பறவை அது. இப்போது அங்கே தரையே கண்ணில் படவில்லை. கினிப்புல் என் தலைக்கு மேல் நிற்கிறது. கையால் விலக்கினால் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சருகு, அதற்கடியில் ஒரே இருட்டு. “தாத்தா, அதுங்க எங்க இறங்கும்?” என்று கேட்டான் பையன். கடைசியில் அவை சாலையோரக் கால்வாய் மூடியில் இறங்கின.

இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். காட்டுக்கு அது சரி. மாடு மேய்ந்தோ மனிதன் அறுத்தோ வந்தால்தான் இப்படிப்பட்ட இடம் புல்வெளியாகவே இருக்கும். சும்மா விட்டால் உயரமான ஒரு புல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சருகு சேரச் சேர, தண்ணீர் நின்ற பள்ளம் தூர்ந்துபோகும். அப்புறம் மைக்கேனியா கொடி படரும், அக்கேசியா மரம் முளைக்கும். சைபீரியாவிலிருந்து செப்டம்பர் வாக்கில் வரும் ஊசிவால் உள்ளான் என்ற பறவை, அலகை விட்டுத் துழாவச் சேற்றுக்கு எங்கே போகும்?

நான் கேட்பது ஒன்றுதான்: பகுதி பகுதியாக வெட்டுங்கள். இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறு பாதி. கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள், வெட்டியதை அங்கேயே போடாமல் அள்ளிச் செல்லுங்கள். ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று படம் அனுப்ப வேண்டாம். 2016இல் திறந்த கிராஞ்சி சதுப்பு நிலத்தில் களை அகற்றிப் பறவைகளுக்கு இடம் விட்டிருக்கிறார்களே, அந்த அக்கறையில் கொஞ்சம் இங்கேயும் வரட்டும்.

புல் வெட்ட ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் புளோக்கின் கீழே புல் ஒரு சாண் வளர்வதற்குள் இயந்திரம் உறுமத் தொடங்கிவிடுகிறது. அங்கே ஆள்காட்டி முட்டையிடப் போவதில்லை. பந்து விளையாடக் கூடாது என்ற பலகை இருப்பதால் பிள்ளைகளும் இறங்குவதில்லை. யாருக்காக அந்த அழகோ! நம் ஊரில் கண்டாங் கெர்பாவ் என்றே ஓர் இடம் உண்டு; மலாயில் அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். எருமைகள் போய் எத்தனையோ காலமாயிற்று, அவை மேய்ந்து செய்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்?

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளான் வருவதற்குள் ஒரு பாதியையாவது வெட்டித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். “சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்” என்ற பதில் மட்டும் வேண்டாம். அதில் ஏற்கெனவே மூன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வட்டாரவாசி